அப்பா நுரையீரல்ல 14 மி.மீ நாட்யூல்: டிபி மாத்திரையா, ஊசி டெஸ்டா, நேரா ஆபரேஷனா?

காவேரிக்கரை எழுதியது:

வணக்கம். ரெண்டு வாரமா சரியா தூக்கம் இல்ல, நீளமா போனா பொறுத்துக்கோங்க.

அப்பாவுக்கு 61 வயசு, கும்பகோணம் பக்கம் இருக்கோம். அரசு பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். இருபது வயசுல ஆரம்பிச்சு முப்பது வருஷத்துக்கு மேல பீடி, எட்டு வருஷம் முன்னாடி என் பையன் பொறந்தப்ப ஒரே நாள்ல விட்டுட்டார், அதுக்கப்புறம் தொடல. 1994ல டிபி வந்து கவர்மென்ட் ஆஸ்பத்திரி மாத்திரைய முழுசா சாப்பிட்டு சரியாயிடுச்சு. போன மாசம் ஹெர்னியா ஆபரேஷனுக்கு முன்னாடி எடுக்குற எக்ஸ்ரேல வலது பக்கம் மேல சின்னதா ஒரு வெள்ளை நிழல் தெரியுதுன்னு சொல்லி மயக்க டாக்டர் ஆபரேஷனையே தள்ளி வச்சுட்டார். உடனே சிடி ஸ்கேன் எடுத்தோம். வலது நுரையீரலோட மேல் மடல்ல (மேல் பாகத்துல) 14 மி.மீல ஒரே ஒரு நாட்யூல், அதாவது சின்ன உருண்டைக் கட்டி, ஓரம் முள்ளு முள்ளா இருக்கு, சுண்ணாம்பு படியல, நடுநெஞ்சுல நெறி (நிணநீர் முடிச்சு) எதுவும் பெருசா இல்ல, இடது பக்கம் மேல பழைய டிபி தழும்பு. ரிப்போர்ட்ல இவ்வளவுதான்.

அப்பாவுக்கு இருமல் இல்ல, காய்ச்சல் இல்ல, எடை குறையல, காலைல அஞ்சு மணிக்கு எழுந்து ஆத்தங்கரை வரைக்கும் நடந்துட்டு வர்றார். அவரைப் பாத்தா நோயாளின்னு யாரும் சொல்லமாட்டாங்க, அதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு.

மூணு டாக்டர், மூணு பேச்சு. எங்க ஊர் டாக்டர், ஏற்கனவே டிபி வந்த உடம்பு, மறுபடி வந்திருக்கும், ரெண்டு மாசம் டிபி மாத்திரை போடுவோம், சுருங்கினா டிபி, சுருங்கலைன்னா அப்புறம் பாத்துக்கலாம்னு சீட்டு எழுதிக் குடுத்துட்டார். தஞ்சாவூர்ல பாத்த நுரையீரல் டாக்டர் சளி டெஸ்டும் ஊசி போட்டு பயாப்ஸியும்னு சொல்றார். திருச்சில ஒரு சர்ஜன், உடம்பு முழுக்க பாக்குற பெட் சிடி ஸ்கேன் எடுத்து வேற எங்கயும் இல்லைன்னா நேரா ஆபரேஷன், டேபிள்ல வச்சே டெஸ்ட் பண்ணி அங்கயே முடிவு பண்ணிக்கலாம்ங்கறார். என்னன்னே தெரியாம எப்படி நெஞ்சை அறுக்குறது? பெரியப்பா வேற கத்தி பட்டா பரவிடும்னு தினமும் ஃபோன் பண்றார். அம்மாகிட்ட சளிக்கட்டின்னு சொல்லி வச்சிருக்கேன்.

மாத்திரை சீட்டு என் கைப்பையிலதான் இருக்கு, இன்னும் வாங்கல. அனுபவப்பட்டவங்க யாராவது சொல்லுங்க.


கொங்குமண் எழுதியது:

அக்கா, அந்த மாத்திரைய வாங்காதீங்க. வாங்கினாலும் என்ன நோய்ன்னு தெரியாம முதல் மாத்திரைய குடுக்காதீங்க.

எங்கப்பா லாரி ஓட்டினவர், 58 வயசு. 2019ல இதே மாதிரி ஒத்தை நாட்யூல், 18 மி.மீ. சளி டெஸ்ட்ல டிபி கிருமி வரல, ஆனா "நம்ம ஊர்ல இதெல்லாம் டிபிதான்"னு ஒரு தனியார் ஆஸ்பத்திரில ஆரம்பிச்சாங்க. மாத்திரை போட்ட மறுநாள் சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போச்சு, அது அந்த மருந்தோட நிறம், ஆனா எங்க வீட்ல அதைப் பாத்துட்டு மருந்து வேலை செய்யுதுன்னு சந்தோஷப்பட்டோம். அம்மா கோயிலுக்கு போய் தேங்கா உடைச்சாங்க. ரெண்டாம் மாசம் எக்ஸ்ரே மட்டும் எடுத்து கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு, தொடருங்கன்னாங்க. ஆறு மாசம் கோர்ஸ் முடிச்சோம். அதுக்கப்புறமும் இருமல்னு போனப்பதான் சிடி எடுத்தாங்க, பத்து மாசம் ஓடியிருந்துச்சு, நாட்யூல் 4 செ.மீ தாண்டி இருந்துச்சு, நுரையீரலைச் சுத்தி தண்ணி, அந்த தண்ணிலயே கேன்சர் செல். ஆபரேஷன் பண்ற கட்டம் போயிடுச்சுன்னு சொன்னாங்க. 2021 தை மாசம் அப்பா போயிட்டார்.

முதல் நாளே ஆபரேஷன் பண்ணியிருந்தா பொழச்சிருப்பாரான்னு எனக்கு யாரும் உறுதி சொல்லல, ஆனா அந்த பத்து மாசத்தை நாங்களே கையால தூக்கிக் குடுத்தோம்ங்கறது ராத்திரில வந்து நிக்குது. உங்களுக்கு அது வேண்டாம்.


நெஞ்சறை எழுதியது:

கொங்குமண் தம்பி எழுதினதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். நான் நெஞ்சு அறுவை சிகிச்சை டாக்டர், கவர்மென்ட் ஆஸ்பத்திரி. இதே மாதிரி குடும்பங்க எங்க ஓபிக்கு திரும்பத் திரும்ப வர்றாங்க, கையில காலி மாத்திரை அட்டை, பையில மூணு எக்ஸ்ரே.

மேடம், படத்தை நான் பாக்கல, நீங்க எழுதின ரிப்போர்ட் வரியை வச்சுதான் சொல்றேன், முடிவு நேர்ல பாக்குற டாக்டரோடது.

3 செ.மீக்குள்ள உருண்டையா, சுத்தி நல்ல நுரையீரல் இருக்க ஒத்தையா நிக்குற நிழலைத்தான் சாலிட்டரி நாட்யூல்னு சொல்றோம், 3 செ.மீ தாண்டினா அதுக்கு மாஸ்னு பேரு, அதை முதல்லயே கேன்சர்னு நினைச்சு வேலை ஆரம்பிப்போம். நாட்யூல்னு பேர் கேட்டதும் கேன்சர்னு நினைச்சுக்க வேண்டாம். அமெரிக்காவுல ரொம்ப நாள் புகை பிடிச்ச 53 ஆயிரத்துக்கு மேற்பட்டவங்களை வச்சு ஒரு பெரிய ஸ்கிரீனிங் ஆய்வு நடந்து 2011ல வெளியாச்சு, அதுல சிடில ஏதோ இருக்குன்னு வந்த 100 ரிசல்ட்ல 96 கேன்சரே இல்ல. ஆனா அதுல பெரும்பாலானது பொடிப்பொடி புள்ளிங்க. 6 மி.மீக்கு கீழ இருந்தா, ரிஸ்க் குறைஞ்சவங்களுக்கு மறு ஸ்கேன்கூட வழக்கமா தேவையில்லைன்னு ஃப்ளீஷ்னர் சொசைட்டிங்கற நெஞ்சு ஸ்கேன் நிபுணர்கள் அமைப்போட 2017 வழிகாட்டுதலே சொல்லுது. 8 மி.மீ தாண்டினாதான் மூணு மாசத்துல மறு சிடியா, பெட்டா, சதை எடுக்கணுமான்னு யோசிக்கணும். உங்கப்பாவோடது 14. சும்மா விடக்கூடாத அளவு.

அடுத்து ஓரம். வழவழன்னு உருண்டையா இருந்தா கொஞ்சம் நிம்மதி, முள்ளு முள்ளா சூரியக்கதிர் மாதிரி சுத்தி இழுத்துட்டு இருந்தா சந்தேகம் கூடும். சுண்ணாம்பு முழுசா படிஞ்சிருந்தாலோ, நடுவுல கெட்டியா இருந்தாலோ, பாப்கார்ன் பொரிஞ்ச மாதிரி தெரிஞ்சாலோ பெரும்பாலும் சாதுவான கட்டி. உங்க ரிப்போர்ட்ல அது இல்ல. வயசு, முப்பது வருஷ பீடி ரெண்டும் கேன்சர் பக்கம் தள்ளுது. மேல் மடல்ல இருக்குறதை வெளிநாட்டுக் கணக்குல கேன்சர் பக்கம்தான் சேப்பாங்க, ஆனா நம்ம நாட்ல மேல் மடல் டிபிக்கும் சொந்த வீடு. உலகத்துல வர்ற டிபில கால்வாசி கிட்ட இந்தியாவுலதான்ங்கறதால உங்க ஊர் டாக்டர் டிபின்னு நினைச்சது தப்பில்ல, நிரூபிக்காம மாத்திரை எழுதினதுதான் தப்பு. மாத்திரை போட்டுப் பாக்குறது டெஸ்ட் ஆகாது. டிபின்னா சளியிலயோ, பிராங்கோஸ்கோப்பி பண்ணி, அதாவது மூச்சுக்குழாய்க்குள்ள கேமரா குழாய் விட்டு, கழுவி எடுத்த தண்ணியிலயோ, சதைத் துணுக்குலயோ கிருமி இருக்கான்னு ஜீன் எக்ஸ்பர்ட்ங்கற கிருமியோட மரபணுவைத் தேடுற டெஸ்ட் போட்டு பாக்கணும். சதையைப் பாத்தும் சொல்லலாம்.

பெட் சிடி பத்தி ஒரு விஷயம் எல்லாரும் தெரிஞ்சுக்கணும். சர்க்கரை மாதிரி ஒரு மருந்தை ஊசில ஏத்தி எந்த செல் அதை அவசரமா உறிஞ்சுதுன்னு பாக்குறதுதான் அது. கேன்சரும் உறிஞ்சும், உயிரோட இருக்குற டிபி கட்டியும் அதே அளவுக்கு உறிஞ்சும். மெதுவா வளர்ற சில கேன்சர், கார்சினாய்டு மாதிரி, உறிஞ்சாமலும் இருக்கும். அதனால பெட்ல எரிஞ்சா, அதாவது பளிச்சுன்னு தெரிஞ்சா கேன்சர், எரியலைன்னா நல்லதுன்னு நம்ம ஊர்ல எழுதிடமுடியாது. அப்புறம் எதுக்கு எடுக்கறோம்னா நடுநெஞ்சு நெறிலயோ எலும்புலயோ கல்லீரல்லயோ வேற எங்கயாவது இருக்கான்னு தெரிஞ்சுக்கத்தான். ஆபரேஷன் முடிவு பண்றதுக்கு அது முக்கியம்.

ஊசி பயாப்ஸில கேன்சர்னு வந்தா நம்பலாம். "கேன்சர் செல் தெரியலை, வெறும் அழற்சி"ன்னு வந்தா அதை வச்சு வீட்டுக்கு போயிடக்கூடாது, 14 மி.மீ கட்டில ஊசி ஓரமா பட்டிருக்கலாம். ஊசி போடறப்ப நுரையீரல்ல காத்து கசியறதும் அஞ்சாறு பேர்ல ஒருத்தருக்கு நடக்கும், பெரும்பாலும் தானா சரியாயிடும், சிலருக்கு டியூப் போடணும். சந்தேகம் ரொம்ப ஜாஸ்தியா இருந்து, கட்டி ஓரத்துல இருந்து, ஆபரேஷன் தாங்குற உடம்புன்னா, ஊசியைத் தாண்டி நேரா ஆபரேஷனுக்கு போறது வழக்கத்துல உள்ள வழிதான், திருச்சி சர்ஜன் சொன்னது விபரீதம் இல்ல. ஆபரேஷன் தாங்காதவங்களுக்கு ஊசியும், அதுல கேன்சர்னு வந்தா துல்லியமா பாய்ச்சுற ரேடியேஷனும்.

இப்ப ஒரு வேலை செய்யுங்க. பழைய படம் தேடுங்க. இந்த நோய்ல பழைய படத்துக்கு ஈடா ஒரு டெஸ்ட் கிடையாது. ரெண்டு வருஷம் முன்னாடியும் இதே இடத்துல இதே அளவுல இருந்திருந்தா, கெட்டியான நாட்யூலா இருந்தா, பெரும்பாலும் கேன்சர் இல்லைன்னு மூச்சு விடலாம். எக்ஸ்ரே கிடைச்சாலும் கொண்டு போங்க, ஆனா 1 செ.மீக்கு கீழ இருந்தா எக்ஸ்ரேல பெரும்பாலும் கண்ணுக்கே படாது, அதனால அதுல இல்லைன்னா அப்ப இல்லைன்னு அர்த்தம் இல்ல. 2021ல கொரோனா அலையில அப்பாவுக்கு சிடி எடுத்தீங்களா? அப்ப பாதி ஊர் எடுத்துச்சு.


மல்லிகைப்பந்தல் எழுதியது:

என் கதை வேற மாதிரி முடிஞ்சது, அதையும் சொல்லணும்னு தோணுச்சு, இல்லைன்னா படிக்கிறவங்க எல்லாருக்கும் கேன்சர்னே பதிஞ்சுடும்.

எனக்கு 43 வயசு, ஸ்கூல் டீச்சர், புகை கிகை எதுவும் இல்ல. இடது கீழ் மடல்ல 22 மி.மீ. பெட்ல நல்லா எரிஞ்சுது. பிராங்கோஸ்கோப்பில ஒண்ணும் கிடைக்கல, ஊசி ரெண்டு தடவை, ரெண்டு தடவையும் "தெளிவா சொல்ல முடியாது". மூணாவது முறை வேண்டாம், எடுத்துடுங்கன்னு நானே சொல்லிட்டேன். சைடுல மூணு சின்ன ஓட்டை, பெருசே என் ரெண்டு விரல் அகலம்தான். கட்டி இருந்த ஓரத்தை மட்டும் ஆப்பு வடிவத்துல வெட்டி எடுத்து அப்பவே லேபுக்கு அனுப்பியிருக்காங்க, கேன்சர் இல்ல, டிபி கட்டின்னு வந்ததும் மடலை தொடாம மூடிட்டாங்க. சதைத் துணுக்குல ஜீன் எக்ஸ்பர்ட்டும் டிபின்னே வந்துச்சு, மருந்துக்கு அடங்காத டிபி இல்லைன்னும் அதுலயே தெரிஞ்சது. அதுக்கப்புறம் ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டேன், என்ன நோய்க்கு சாப்பிடறோம்னு தெரிஞ்சு சாப்பிட்டேன்.

டிபிக்குப் போயி ஆபரேஷன் பண்ணிக்கிட்டாளேன்னு சொந்தக்காரங்க சொன்னாங்க. நான் வருத்தப்படல. முதல் ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் நடுவுல இருந்த அஞ்சு வாரம்தான் என் வாழ்க்கைல மோசமான நாள்.


காவேரிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. கொங்குமண் தம்பி, உங்கப்பாவை நினைச்சு அழுதுட்டேன். அந்த சீட்டை அன்னிக்கே கிழிச்சுப் போட்டுட்டேன்.

டாக்டர் சார், நீங்க கேட்டதும்தான் ஞாபகம் வந்துச்சு, 2021 மே மாசம் அப்பாவுக்கு கொரோனா வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரில இருந்தார், அப்ப சிடி எடுத்தாங்க. பீரோவுல ரேஷன் கார்டு, பட்டா எல்லாம் வைக்கிற தட்டுல அடியில அந்த பழுப்பு கவர் அப்படியே இருந்துச்சு, ஸ்கேன் படம் பதிஞ்ச கம்ப்யூட்டர் தட்டும் உள்ள இருந்துச்சு. ரிப்போர்ட்ல 25க்கு 9ன்னு கொரோனா ஸ்கோர் மட்டும் போட்டு கையெழுத்து. ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு பாத்தேன், எனக்கு ஒண்ணும் புரியல, எல்லாம் மேகம் மாதிரி வெள்ளை வெள்ளையா இருந்துச்சு. எங்க லேப்டாப்ல தட்டு போடுற இடமே இல்ல, ஸ்கேன் சென்டருக்கே கொண்டு போய் குடுத்தேன். அங்க ரேடியாலஜி டாக்டர் பழசையும் புதுசையும் ஒரே ஸ்கிரீன்ல பக்கத்துல பக்கத்துல வச்சு ஒண்ணா உருட்டினார். ஒரு இடத்துல நிறுத்தி பேனா நுனியால காட்டினார். பழைய படத்துலயும் இருக்குமா, 6 மி.மீ. கொரோனா நிழலுக்கு நடுவுல ஒரு எள்ளு மாதிரி. அப்ப எல்லாரும் கொரோனாவைத்தான் தேடிட்டு இருந்தோம்.

இப்ப ஜூலை 2024, 14 மி.மீ. மூணு வருஷத்துல 8 மி.மீதானே கூடியிருக்கு, மெதுவாதானே வளருது, இது நல்ல சேதியா? பெட் சிடியும் எடுத்தாச்சு, அந்த ஒரு இடம் மட்டும் லேசா எரியுது, வேற எங்கயும் இல்லைன்னு சொன்னாங்க. மூணு நாள் சளி டெஸ்ட்லயும் டிபி இல்ல.


நெஞ்சறை எழுதியது:

தேடி எடுத்தீங்களே, ரொம்ப நல்ல காரியம் பண்ணினீங்க.

8 மி.மீதானேன்னு தோணும், ஆனா உருண்டையை அகலத்துல அளக்கக்கூடாது, கனஅளவுல அளக்கணும். அகலம் கால் பங்கு கூடினாலே உருண்டையோட கனஅளவு ரெண்டு மடங்கு ஆயிடும். 8 மி.மீ 10 ஆனா கட்டி ரெண்டு மடங்கு கிட்ட ஆயிடுச்சுன்னு அர்த்தம். அந்த கணக்குல 6ல இருந்து 14க்கு வந்தா கனஅளவு 12 மடங்குக்கு மேல, அதாவது மூணே முக்கால் தடவை கிட்ட இரட்டிப்பாகியிருக்கு. நடுவுல 1,150 நாள்னு வச்சா ஒவ்வொரு இரட்டிப்புக்கும் 310 நாள் சொச்சம். நுரையீரல் கேன்சர் கெட்டியான நாட்யூலா வந்தா பெரும்பாலும் 20ல இருந்து 400 நாளுக்குள்ள இரட்டிப்பாகும். கிருமித் தொற்றா இருந்தா சில வாரத்துலயே பெருக்கும், பழைய தழும்பா இருந்தா வருஷக்கணக்கா அசையாது. இது நடுவுல நிக்குது. உங்ககிட்ட மறைக்க விரும்பல, இனிமே கேன்சராத்தான் இருக்கும்னு நினைச்சே திட்டம் போடணும். அதே நேரம் 14 மி.மீ, நெறி இல்ல, வேற எங்கயும் இல்லைங்கறது நம்மளால முழுசா எடுத்துடக்கூடிய கட்டம். இது கேன்சர்னே வந்தாலும் IA2ன்னு வர்ற ஆரம்ப ஸ்டேஜ், சர்வதேச கணக்குல இந்த ஸ்டேஜ்ல 100 பேர்ல 83 பேர் அஞ்சு வருஷத்தைத் தாண்டுறாங்க. ஹெர்னியா புண்ணியத்துல சிக்கியிருக்கு.

ஆபரேஷன் எப்படி நடக்கும்னு சொல்றேன், தெரிஞ்சா பயம் குறையும். மயக்கம் குடுத்து மூச்சுக்குழாய்ல ரெண்டு வழி உள்ள டியூப் போடுவாங்க, இடது நுரையீரல் மட்டும் மூச்சு விடும், வலது பக்கம் காத்து இறங்கி சுருங்கிக்கும், அப்பதான் உள்ள வேலை செய்ய இடம் கிடைக்கும். விலா எலும்பு இடுக்குல மூணு நாலு செ.மீல ஒரு வெட்டு, கேமராவுக்கு ஒண்ணு. சின்ன கட்டின்னா கேமராவுல தெரியாது, விரலை விட்டு தடவிப் பாப்போம், சுருங்கின நுரையீரல் நனைஞ்ச பஞ்சு மாதிரி இருக்கும், அதுக்குள்ள பட்டாணி மாதிரி தட்டுப்படும். ரொம்ப உள்ள இருந்தா முன்னாடியே சிடில வச்சு கம்பியோ சாயமோ போட்டு அடையாளம் வைப்பாங்க. ஸ்டேப்லர் வச்சு அந்த பகுதியை வெட்டி, ஒரு பைக்குள்ள போட்டு, பையோட வெளிய எடுப்பாங்க. கட்டி நெஞ்சுச் சுவத்துல உரசக்கூடாதுன்னுதான் அந்த பை. அப்பவே உறைய வச்சு சீவிப் பாக்குறதுக்கு ஃப்ரோஸன் செக்‌ஷன்னு பேரு, இருபது முப்பது நிமிஷத்துல பதில் வரும், அது வரைக்கும் தியேட்டர்ல எல்லாரும் காத்திருப்போம். டிபின்னு வந்தா மூடிடுவோம். கேன்சர்னு வந்தா அதே மயக்கத்துலயே அந்த மடலையும் நெறிகளையும் எடுத்துடுவோம். 2 செ.மீக்குள்ள ஓரத்துல இருந்தா மடல் முழுக்க எடுக்காம அதுல ஒரு பகுதியை மட்டும் எடுத்தாலும் போதும்னு ஜப்பான்ல 1,106 பேரை வச்சுப் பண்ணின ஆய்வு 2022லயும், அமெரிக்க ஆய்வு 2023லயும் காட்டியிருக்கு, உங்க சர்ஜன்கிட்ட அதையும் கேளுங்க. ஒரு எச்சரிக்கை, 1994 டிபினால நுரையீரல் நெஞ்சுச் சுவத்தோட ஒட்டியிருந்தா கேமரா வழியை விட்டுட்டு பெருசா திறக்க வேண்டி வரலாம். அப்படி மாத்தினா ஆபரேஷன் தோத்துப் போச்சுன்னு அர்த்தம் இல்ல, பத்திரமா முடிக்கிறதுக்காக மாத்துறது.

பெரியப்பாகிட்ட இதைச் சொல்லுங்க. 1933ல அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல எவார்ட்ஸ் கிரஹாம்னு ஒரு சர்ஜன், நுரையீரல் கேன்சர் வந்த 48 வயசு டாக்டர் ஒருத்தருக்கு ஒரு பக்க நுரையீரலையே மொத்தமா எடுத்தார். ஆன்டிபயாடிக் கைக்கு வராத காலம். அந்த பேஷண்ட் அதுக்கப்புறம் முப்பது வருஷம் கிட்ட வாழ்ந்தார். சிகரெட் நிறைய பிடிச்ச கிரஹாம்தான் 1957ல அதே நோய்ல போயிட்டார். கத்தி பட்டு பரவினதா ஊர்ல சொல்ற ஆளுங்க பெரும்பாலும் பரவின பிறகு கத்திக்கு வந்தவங்க.

காசு விஷயத்துல, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா அந்த கவுன்டர்ல முதல்லயே முன்அனுமதி கேட்டுடுங்க, அட்மிட் ஆன பிறகு ஓடாதீங்க.


மூச்சுப்பயிற்சி எழுதியது:

நான் பிசியோதெரபிஸ்ட், நெஞ்சு ஆபரேஷன் வார்டுல இருக்கேன். தேதி குறிச்சாச்சுன்னா இன்னிக்கே ஆரம்பிங்க, ஆபரேஷன் முடிஞ்சு ஆரம்பிக்கிறவங்க ரொம்ப கஷ்டப்படுவாங்க.

மெடிக்கல்ல மூணு பந்து வச்ச மூச்சுக் கருவி கிடைக்கும், அதை நிறைய பேர் ஊதுறாங்க, ஊதக்கூடாது, உறிஞ்சணும். மெதுவா உறிஞ்சி பந்தை மேலயே மூணு விநாடி நிறுத்தணும், மணிக்கொரு தடவை பத்து. கூடவே மாடிப்படி. ரெண்டு மாடி நிக்காம ஏற முடியுதான்னு பாருங்க, சர்ஜன் அதைக் கண்டிப்பா கேப்பாங்க. நுரையீரல் ஊதும் டெஸ்ட்ல வர்ற நம்பரை வச்சு கணக்கும் போடுவாங்க, ரெண்டு பக்கமும் சேத்து 19 பகுதி, வலது மேல் மடல்ல 3, அதனால போறது ஆறுல ஒரு பங்குதான், பாதி நுரையீரல் போயிடும்னு அம்மா பயந்தா இதைச் சொல்லுங்க. அப்பா தினமும் ஆத்தங்கரை வரைக்கும் நடக்குறவர்னு எழுதியிருக்கீங்க, அது இப்ப கைகுடுக்கும்.

ஆபரேஷன் முடிஞ்சு தலகாணியை வெட்டுப்பட்ட பக்கம் கட்டிப்பிடிச்சுக்கிட்டு இருமச் சொல்லுங்க. வலிக்குதேன்னு இருமாம விட்டா சளி தங்கி நிமோனியா ஆயிடும். வலி மருந்து கேட்டு வாங்குங்க, பொறுத்துக்கறது இங்க பெருமை இல்ல. அந்த பக்கக் கையை முதல் நாள்ல இருந்தே தலைக்கு மேல தூக்கணும், இல்லைன்னா தோள் இறுகிடும்.


காவேரிக்கரை எழுதியது:

ஆபரேஷன் முடிஞ்சு இன்னிக்கு பதினோராவது நாள். வீட்டுக்கு வந்துட்டோம்.

முந்தின நாள் ராத்திரி அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். எனக்கு எப்பவோ தெரியும்டி, நீ ஃபோன்ல பேசுறது கேக்காதான்னாங்க. அப்பாகிட்ட முன்னாடியே சர்ஜன் நேரா சொல்லிட்டார், அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், மறுபடி நடக்கலாமான்னு.

காலைல எட்டரைக்கு உள்ள கொண்டு போனாங்க. பத்தே காலுக்கு ஒரு அட்டெண்டர் சின்ன டப்பாவோட லேபுக்கு வேகமா போறதைப் பாத்தேன், அதுலதான் அப்பாவோடது இருக்குன்னு எனக்கு தெரிஞ்சுபோச்சு. நெஞ்சறை சார் சொன்ன முப்பது நிமிஷத்தை நான் கடிகாரத்துல எண்ணினேன். சர்ஜன் மாஸ்க்கோட வெளிய வந்து, கேன்சர்தான், சின்னது, மடலை எடுக்கப் போறேன், கட்டி ரெண்டு பகுதிக்கு நடுவுல உக்காந்திருக்கு, அதனால பாதி எடுக்குறது சரிவராதுன்னு சொல்லி முன்னாடியே நாங்க கையெழுத்து போட்ட சம்மதப் பேப்பரை ஞாபகப்படுத்திட்டு உள்ள போயிட்டார். அந்த நிமிஷம் அழுகை வரல. மூணு வாரமா தெரியாம இருந்தது தெரிஞ்சுபோச்சு, அவ்வளவுதான் தோணுச்சு. ஒட்டுதல் கொஞ்சம் இருந்துச்சாம், ஆனா பெருசா திறக்காமலே முடிச்சுட்டாங்க.

நெஞ்சுல இருந்து ஒரு டியூப், கட்டிலுக்குக் கீழ தண்ணி பாட்டில். அப்பா இருமறப்பல்லாம் அந்த தண்ணில கொப்புளம் வரும், காத்து கசியுதுன்னு அர்த்தம். மூணு நாள் நானும் அம்மாவும் மாத்தி மாத்தி அந்த பாட்டிலையேதான் பாத்துட்டு இருந்தோம். நாலாம் நாள் காலைல அப்பா இருமினார், தண்ணி அசைஞ்சுது, கொப்புளம் வரல. மறுபடி இருமச் சொன்னேன். வரல. அன்னிக்கு எக்ஸ்ரே பாத்துட்டு மறுநாள் டியூபை எடுத்துட்டாங்க.

நேத்து முழு பயாப்ஸி ரிப்போர்ட் வந்துச்சு. அடினோகார்சினோமாங்கற வகை கேன்சர், 14 மி.மீ, வெட்டின ஓரத்துல ஒண்ணும் இல்ல, எடுத்த 11 நெறியும் சுத்தம். கீமோ தேவையில்ல, ஆறு மாசத்துக்கொரு தடவை சிடின்னு சொல்லியிருக்காங்க. பழைய படம், புதுசு எல்லாத்தையும் ஒரே கவர்ல போட்டு, மேல தேதி எழுதி, பீரோவுல பட்டாவுக்கு மேல வச்சிருக்கேன்.

பெரியப்பா நேத்து நேர்ல வந்து பாத்துட்டுப் போனார். அவருக்கும் நாப்பது வருஷ பீடி, அடுத்த வாரம் கூட்டிட்டுப் போய் சிடி எடுக்கலாம்னு ஒத்துக்க வச்சிருக்கேன். அப்பாவுக்கு வியாழக்கிழமை தையல் பிரிக்கிறாங்க, ஹெர்னியாவை மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம்னு சொல்லிட்டாங்க. இன்னிக்கு காலைல தெருமுனை டீக்கடை வரைக்கும் நடந்துட்டு வந்தார்.